கடைசிப் பதினாலு பக்கம்

நூலகங்களின் வரலாற்றை யாராவது ஒழுங்காக எழுதினால், எங்கள் கம்பெனி பஸ்ஸுக்கு அதில் ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும். அச்சரப்பாக்கத்திலிருந்து மறைமலைநகருக்கு எங்களை ஷிப்ட்டுக்கு ஏற்றிப் போகும் பஸ். பை வைக்கும் மேல்தட்டில் யாரோ ஒரு நாவலை மறந்துவிட்டுப் போனார்கள், அதுதான் ஆதிகாலம். அப்புறம் ஆளுக்கொன்று கொண்டுவந்து போட, தட்டு நிறைந்தது. படிக்க எடுக்கும்போதே அட்டையின் உள்பக்கம் சீட் நம்பரை எழுதுவோம். பக்க அடையாளத்துக்குப் பழைய கேன்டீன் டோக்கன். புத்தகம் பஸ்ஸை விட்டு இறங்கவே கூடாது என்ற சட்டத்தைக் கொண்டுவந்த மகாராணி நான்தான்.

ஒரு சனிக்கிழமை அந்தச் சட்டம் என் தலையிலேயே விடிந்தது. துப்பறியும் நாவல். கொலைகாரன் யாரென்று தெரிய இன்னும் பதினாலு பக்கம் பாக்கி, என் ஸ்டாப் வந்துவிட்டது. துப்பட்டாவுக்குள் நான் புத்தகத்தைச் சுருட்டியதை டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"ரூலு போட்டதே நீதாம்மா. வெச்சிட்டு எறங்கு."

ஞாயிறு காலை இட்லி இறங்கவில்லை. டிரைவர் அண்ணனுக்கு போன் போட்டேன். கம்பெனி லீவு என்பதால் அதே பஸ்ஸில் நெம்மேலிக் கல்யாணக் கூட்டத்தை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் மண்டபத்துக்கு வந்திருந்தார். கல்யாண டிரிப் என்றால் புத்தகங்களை இறக்கிவைத்துவிடுவார், அன்று மறந்துவிட்டார். எடுத்தேன் ஸ்கூட்டியை. பதினாலு பக்கத்துக்காக மாமல்லபுரம் வரைக்கும்! வழியெல்லாம் எனக்கே சிரிப்பு. செங்கல்பட்டு பெட்ரோல் பங்கில், என்னம்மா இவ்வளவு அவசரம் என்று கேட்டார்கள். ஒரு கொலை விஷயம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மண்டபத்து வாசலில் பஸ் நின்றது. மேல்தட்டு காலி. உள்ளே மேளம் முழங்குகிறது, இங்கே பட்டுப்புடவையும் வேட்டியுமாக ஆளுக்கொரு சீட்டில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள். என் சீட்டில், என் நாவலோடு, மாப்பிள்ளையின் பெரியம்மா. வெட்கத்தை விட்டு விஷயத்தைச் சொன்னேன்.

"கடைசிய மட்டும் படிச்சிட்டு குடுத்துடு. யாருன்னு சொன்னே, அவ்ளோதான்."

தன் பக்கத்தில் விரலை வைத்தபடியே புத்தகத்தை எனக்குச் சாய்த்துப் பிடித்தார். நின்றுகொண்டே பதினாலு பக்கத்தையும் விழுங்கினேன். சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் வாயைத் திறக்கவில்லை, சத்தியமாக. அவர் தன் பக்கத்துக்குத் திரும்பியபோது என் கண்ணும் கூடவே போனது. அங்கே கதாநாயகியின் சித்தப்பா பரம சாதுவாக டீ ஆற்றிக்கொண்டிருந்தார். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இருமி மறைத்தேன்.

"நெம்மேலி போய்ச் சேர்றதுக்குள்ள முடிக்க முடியாதே," என்று பெரியம்மா முகம் வாடினார். டிரைவர் அண்ணன் என்னையே பார்த்தார்.

"வூட்டுக்கு எடுத்துகினு போங்க பெரியம்மா," என்றேன். ரூல் போட்ட அதே வாய்தான்.

அடுத்த வாரம் அந்தப் பக்கம் டிரிப் போன டிரைவர் அண்ணன் புத்தகத்தை வாங்கிவந்தார். உள் அட்டையில் என் சீட் நம்பருக்குக் கீழே பேனாவில் எழுதியிருந்தது:

"நெம்மேலி. நீ இருமினப்பவே தெரிஞ்சி போச்சி, சித்தப்பாதான்னு. அடுத்த புக்க அனுப்பு. நீ வராத."