மைக்செட் வாய்மூடிய நாள்

எங்கள் வார்டில் தண்ணீர் கேன் போடுகிறவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள யாரும் முயன்றதில்லை. மைக்செட் என்று கூப்பிட்டால் கேன் வரும். கேனோடு செய்தியும் வரும்.

மாடிப்படியில் கேனைத் தோளில் சுமந்து ஏறும்போதாவது மூச்சிரைப்பில் பேச்சு நிற்குமா என்றால், நிற்காது. கீழ்ப்படியில் ஆரம்பித்த குடும்பச் சண்டையை மேல்படியில் விவாகரத்தில் முடித்துவைப்பார். அவர் வாயில் பல் டாக்டருக்குப் பொய்ப்பல் கட்டினார்கள். காவல் நிலையத்தில் திருட்டுப் போனது. உயிரோடு தெருவில் நடமாடும் தபால்காரர் ஏற்கெனவே இறந்து, பிறகு மனம் மாறித் திரும்பி வந்தார். கேட்பவர்கள் மறுப்பதில்லை, நம்புவதும் இல்லை. ருசியை எடுத்துக்கொண்டு செய்தியைத் துப்பிவிடுவார்கள். பொதுவாழ்வுக்கு இவ்வளவு தொண்டு செய்த மனிதரை எந்த வார்டு உறுப்பினரும் பாராட்டியதில்லை என்பது வருத்தத்துக்குரியது.

இப்பேர்ப்பட்டவரைத்தான் ஆபரேட்டர் அக்கா ஓட்டுப் போடத் துணைக்கு அழைத்தார்.

ஆபரேட்டர் அக்காவுக்குப் பிறந்ததிலிருந்து கண் தெரியாது. ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிறார். டாக்டர் ஒருவர் இருமினால்கூட எந்த டாக்டர், எந்த மனநிலையில் இருமுகிறார் என்று சொல்லிவிடுவார். குடியிருப்பது அண்ணனின் பெயின்ட் கடைக்கு மேலே, ஒற்றை அறையில். வேறு வீடு தேடாமல் இல்லை. கண் தெரியாத பெண் தனியாக அடுப்புப் பற்றவைத்தால் தங்கள் கட்டடம் என்ன ஆவது என்று வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கவலை.

அந்த அண்ணன் இந்த முறை வார்டுத் தேர்தலில் நின்றார். நடைபாதைகளை மக்களுக்கே மீட்டுத் தருவதாக நோட்டீஸ் அடித்து, நடைபாதையில் அடுக்கி வைத்திருந்த தன் பெயின்ட் டின்கள் மேலேயே ஒட்டினார். அந்த டின்களில் தினமும் முழங்காலை இடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறவர் அவருடைய தங்கை. வார்டுக் கூட்டத்தில் இதைச் சொல்ல அக்கா எழுந்தபோதெல்லாம், தங்கை சார்பாகத் தானே பேசுவதாகச் சொல்லி அண்ணன் பேசியிருக்கிறார். டின்களைப் பற்றி அந்தப் பேச்சுகளில் ஒரு வரியும் வந்ததில்லை.

ஓட்டுச்சீட்டில் படங்களும் பெயர்களும் உண்டு. விரலுக்குத் தெரியும்படி ஒன்றும் கிடையாது. அதனால் கண் தெரியாதவர்கள் விரும்பிய ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போகலாம். துணைக்கு வருகிறவர் யாருக்கு ஓட்டு விழுந்தது என்பதை வெளியே சொல்வதில்லை என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். அண்ணி போவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. அக்கா மட்டும் கலந்துகொள்ளாத முடிவு. மைக்செட் வரட்டும் என்று அவர் சொன்னதும் அண்ணன் முகம் கறுத்தது. கொஞ்சம் யோசித்தபின் மலர்ந்தது. ஓட்டுச்சாவடியை விட்டு வெளியே வந்த மறுநிமிடமே தகவல் தன் காதுக்கு வந்துவிடும் அல்லவா?

மைக்செட்டுக்குத் தலைகால் புரியவில்லை. போகும் வழியில், உயிரே போனாலும் தன் வாயிலிருந்து வராது என்று நெஞ்சைத் தட்டினார்.

"உன்னை நம்பிக் கூப்பிடலப்பா," என்றார் அக்கா. "நீ என்ன சொன்னாலும் யாரும் நம்ப மாட்டாங்க. அதுக்காகத்தான் கூப்பிட்டேன்."

அதற்குப் பிறகு சாவடி வரும்வரை மைக்செட் பேசவில்லை. அக்கா அதைக் களைப்பு என்று நினைத்துக்கொண்டார்.

அட்டைத் தடுப்புக்குப் பின்னால் அக்கா அவர் காதில் சொன்னார்: "நர்ஸம்மா. மூணாவது படம்." ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவரும் டிரைவிங் ஸ்கூல்காரர் ஒருவரும் அண்ணனை எதிர்த்து நின்றார்கள். மைக்செட் முத்திரையைக் குத்தி, சீட்டை மடித்துக் கொடுத்தார். அக்கா அதன் மேல் கட்டைவிரலை ஓட்டிப் பார்த்தார். காகிதம் வழுவழுவென்று இருந்தது. வேறு ஒன்றும் அது சொல்லவில்லை. கையாலேயே பெட்டியின் துவாரத்தைத் தேடிப் போட்டார்.

வெளியே அண்ணன் காத்திருந்தார்.

"ரகசியம்ணே," என்றார் மைக்செட்.

அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததாக வார்டின் நினைவில் இல்லை. ஒரு நாளாவது யோக்கியனாக இருந்து காட்டுவது என்று மனிதர் முடிவு செய்திருந்தார்; அக்கா சொன்ன சொல் அவ்வளவு சுருக்கென்று தைத்திருந்தது. ஆனால் பழக்கமில்லாத உடம்பு அல்லவா? நாக்கு நமநமத்தது. மாடி வீட்டுக் கேனைக் கீழ்வீட்டில் வைத்தார். காலி கேனைச் சுமந்துகொண்டு படியேறி, நிறைகேனோடு இறங்கினார். செய்தி கேட்டவர்களிடம் வெயில் அதிகம் என்றார். அது உண்மையாக இருந்ததால் வார்டே கலங்கிப்போனது.

கலங்காமல் யோசித்தவர் அண்ணி ஒருவர்தான். தங்களுக்கு விழுந்திருந்தால் மைக்செட் இந்நேரம் தெருத்தெருவாகக் கூவியிருப்பான். வாயை மூடியிருக்கிறான் என்றால் விழவில்லை என்றே அர்த்தம் என்று கணவருக்கு விளக்கினார். அண்ணன் சத்தம் போடவில்லை. சரக்கு வைக்க இடம் பற்றவில்லை, மேல் அறையைக் குடோனாக்கலாம் என்று பொதுவாகச் சொன்னார். அது மாடிக்குக் கேட்கும்படி சொன்னார்.

அக்கா உடனே கேனுக்கு போன் செய்தார். மைக்செட் வந்து சேர்வதற்குள் அறைக்குள் கட்டிலுக்கும் கதவுக்குமாக நடந்து கால் ஓய்ந்திருந்தார்.

"நீ பேசாம இருந்தே என்னைத் தெருவுக்குக் கொண்டுவந்துடுவ போல இருக்கே."

"சத்தியம் பண்ணியிருக்கேன்க்கா."

"உண்மையைச் சொல்ல மாட்டேன்னுதானே பண்ணின? மத்தது எவ்வளவோ இருக்கே. போய் பேசு."

சட்டத்தில் இப்படி ஒரு வாசல் இருப்பது தெரிந்ததும் மைக்செட் முகத்தில் ரத்தம் ஓடியது. நேராக பெயின்ட் கடைக்குப் போனார். அண்ணன் படத்தில் இரண்டு முத்திரை குத்தச் சொல்லி அக்கா அடம்பிடித்ததாகவும், ஓட்டு செல்லாமல் போய்விடும் என்று தான்தான் கையைப் பிடித்துத் தடுத்ததாகவும் சொன்னார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்து டிரைவிங் ஸ்கூல்காரரிடம் போய், அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே வண்டிச் சத்தம் என்றால் உயிர் என்று தொடங்கினார். கடைசியில் நர்ஸம்மா வீட்டுக்குக் கேன் இறக்கும்போது அடக்க முடியாமல் உண்மையையே சொல்லிவிட்டார். முந்தைய இரண்டு கதைகளும் அதற்குள் அங்கே வந்து சேர்ந்திருந்ததால், நர்ஸம்மா கேனை மூலையில் வைக்கச் சொன்னார். யாரும் நம்பாத காரணத்தால் உறுதிமொழி மீறப்படவில்லை என்பதே இது பற்றிய நம் கருத்து.

நர்ஸம்மா ஜெயித்தார். அண்ணன் சந்தேகப்படாத ஆள் வார்டில் இல்லை, தங்கை ஒருவரைத் தவிர. அண்ணியே காபி கலந்து மாடிக்கு எடுத்துப்போனார். குடோன் பேச்சு நின்றது.

அக்காவின் தவிப்பு மட்டும் அதன்பிறகுதான் ஆரம்பித்தது. மைக்செட் மூன்று பேரிடம் மூன்று விதமாகச் சொன்னது அவர் காதுக்கும் வந்திருந்தது. அப்படியானால் நர்ஸம்மாவுக்கே குத்தியதாகத் தன்னிடம் சொன்னது நாலாவது கதையாக ஏன் இருக்கக்கூடாது? கேன் வரும்போதெல்லாம் கேட்டார். முத்திரை எவ்வளவு நேராக விழுந்தது, மை எப்படிப் பரவாமல் நின்றது என்று மைக்செட் வர்ணித்தார். வர்ணனை வளர வளர அக்காவின் சந்தேகமும் வளர்ந்தது. ஆஸ்பத்திரியில் எலும்புப் பிரிவைக் கேட்டவருக்குப் பிரசவ வார்டு கிடைத்தது.

அடுத்த வார்டுக் கூட்டத்தில், அண்ணன் எழுவதற்கு முன்பே அக்கா எழுந்துவிட்டார். விரலால் தொட்டுப் பார்த்துத் தானே முத்திரை குத்துகிற மாதிரி, ஓட்டுச்சீட்டின் மேல் வைக்கும் அட்டை ஒன்று வேண்டும் என்றார். நர்ஸம்மா கனிவோடு, அடுத்த தேர்தலுக்கு இன்னும் வருஷக்கணக்கில் இருக்கிறது, துணைக்குத்தான் ஆள் இருக்கிறதே என்றார்.

"இங்க இருக்கிற எல்லாருக்கும் தான் யாருக்குப் போட்டோம்னு தெரியும். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சாகணும்."

தங்கை யாருக்குப் போட்டாள் என்பது தனக்குத் தெரியும் என்று அண்ணன் எழுந்து உறுதியளித்தார். டிரைவிங் ஸ்கூல்காரரும் தனக்குத் தெரியும் என்பதுபோல் புன்னகை செய்தார்.

கூட்டத்துக்குக் கேன் இறக்க வந்திருந்த மைக்செட் தோளில் கேனோடு நின்றார். "அவங்க கேக்குறதக் குடுத்துருங்க. என் வாயை நம்பி ஒருத்தர் ஓட்டு இருக்கக் கூடாதுங்க."

இதை மறுத்துப் பேச அந்த அரங்கில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தேர்தல் அலுவலகத்துக்கு எழுதுவதாக முடிவெடுத்தார்கள். எழுதினால் எப்போது வரும் என்று அக்கா கேட்டதற்கு, எழுதுகிறோமே என்றார்கள்.

திரும்பும்போது மைக்செட் காலி கேன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார். அக்கா கோலால் தட்டிக்கொண்டே நடந்தார்.

"நர்ஸம்மாவுக்குத்தானே குத்தின?"

"ஆமாக்கா."

அக்கா நின்றார். மையும் முத்திரையுமாக வர்ணனை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. வண்டியின் ஒரு சக்கரம் மட்டும் கிறீச்சிட்டது.

"அடுத்த கூட்டம் என்னைக்குன்னு கேட்டியா?" என்றார் அக்கா.

கேட்கவில்லை என்றார் மைக்செட். அதைக் கேட்க அக்கா வந்த வழியே திரும்பி நடக்க ஆரம்பித்தார்.