பார்க்கலாம், வாங்க ஏலாது

கருவாட்டுக் கடைக்காரனுக்குப் பொறுமை வேணும் என்பார்கள். அவனுக்கு வேண்டியது நல்ல வெயிலும், அதிகம் கதைக்காத வாடிக்கையும்தான்.

கற்பிட்டியில் எனக்கு ஒரு கடை. மருமகன் ரியாஸ் அதை இணையத்திலும் ஏற்றிவிட்டான். கடலைக் கலக்கும் கச்சான் காற்று எழும்பினால் வள்ளம் இறங்காது, கருவாடும் இல்லை. இணையத்தில் ஆக்கள் அதுபாட்டுக்கு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மூடு என்றேன். "மூடினா ஆக்கள் வேற கடைக்குப் பழகிருவாங்க மாமா, திரும்பி வராங்க" என்றான். அதுவும் சரி. எங்களுக்குச் சோறு போடுவது இந்தக் கடை ஒன்றுதான். பிளகின் என்று ஒரு ஒட்டுவேலையைப் பூட்டினான். படம், விபரம் எல்லாம் தெரியும். வாங்குகிற பொத்தான் மட்டும் மறைந்துவிடும். கடை வைத்திருக்கும் சகோதரர்களே, பிறகு நான் பட்டது உங்களுக்குத்தான் விளங்கும்.

கட்டாக் கருவாடு

குருநாகலில் இருந்து பரீதா டீச்சர் போன் எடுத்தார். கட்டாக் கருவாட்டைப் பார்த்தாராம், பொத்தானைக் காணவில்லையாம். சரக்கு இல்லை என்றேன். படம் இருக்கிறதே என்றார். படம் போன வருஷத்தது என்றேன். என்னை அண்ணன் முறைவைத்து நானா என்று கூப்பிடுகிறவர், விடவில்லை.

"பொண்ணுட போட்டோவக் காட்டிப்போட்டு, அவக்குக் கலியாணம் முடிஞ்சிட்டு எண்டு சொல்ற மாதிரி இருக்கு நானா."

ஒரே சொல்

பொத்தானில் இருந்த சொல் 'வாங்க'. அந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் மறை என்று ரியாஸ் பிளகினுக்குச் சொல்லிவிட்டான். பக்கத்தின் தலையில் 'எங்கட கடைக்கு வாங்க' என்று எழுதியிருந்தது. பிளகினுக்குத் தமிழ் தெரியுமா? அதையும் விழுங்கிவிட்டது. 'எங்கட கடைக்கு' மட்டும் தொங்கிக்கொண்டு நின்றது.

எங்களுக்கு அது தெரியாது. தில்லையடியில் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஜெஸீமா தாத்தா, நெடுநாள் வாடிக்கை, நேரில் வந்து நின்றார். எங்கள் பக்கம் அக்காவைத்தான் தாத்தா என்போம். கதிரை கொடுத்தேன், இருக்கவில்லை.

"வாங்க எண்டு சொல்ல வாய் இல்லாட்டி, வரவேணாம் எண்டாவது முழுசா எழுதி வைங்க."

தலவிலத் திருவிழா

பக்கத்துத் தேவாலயத் திருவிழாவுக்கு வந்த சிலாபத்துக்காரர் ஒருவர் கடைக்குள் புகுந்தார். இணையத்தில் விற்காமல் காட்டுவதென்றால் பெரிய ஆட்களுக்கு ஒளித்து வைத்திருப்பதுதானே என்றார். அலுமாரியைத் திறந்து காட்டினேன். வெறும் அலுமாரி. மனிசன் நம்பவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு பின்பக்கம் எட்டிப் பார்த்தார். எங்கள் குசினியில் தொங்கிய கருவாட்டைக் கண்டுவிட்டார். அதை வாங்காமல் போகமாட்டேன் என்று நின்றார். தொல்லை விட்டால் போதும் என்று கொடுத்துவிட்டேன்.

குழம்புச் சட்டியை அடுப்பில் வைத்த என் மனிசி அகப்பையோடு வந்தாள்.

"இண்டைக்கு ஆணத்துக்குள்ள உங்கட பிளகினையா போடுற?"

காற்று விழுந்த பிறகு

கச்சான் ஓய்ந்தது. வள்ளங்கள் இறங்கின, கருவாடு காய்ந்தது. ரியாஸ் பிளகினைக் கழற்றினான். பொத்தான் வந்தது. காலையில் இருந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தரும் அமத்தவில்லை. ஆக்கள் போய்விட்டார்கள் என்று அவன் முகம் சொன்னது. நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

லுஹர் தொழுகைக்குப் பிறகு போன் அடித்தது. பரீதா டீச்சர். வைத்தால் சிலாபத்துக்காரர். அவர் வைத்தால் ஜெஸீமா தாத்தா. எல்லாருக்கும் கருவாடு வேணும். பொத்தான் இருக்கிறதே, அமத்தினால் என்ன என்று தாத்தாவிடம் சீறினேன்.

"பொத்தானோட எப்பிடி நானா சண்ட பிடிக்கிற? நீங்க எடுத்து வைங்க, விலைய வந்து பேசுறன்."

இந்தச் சனத்தின் வாயை மறைக்க ஒரு பிளகின் வந்தால், முதல் ஆளாக நான் வாங்குவேன். பூட்டுவேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.