ஏசடியான் ‘போதும்’ என்று சொன்னதில்லை

செவ்வாய்க்கிழமை பகல் ஷிப்டு பாதியில், சுரங்கத்திலிருந்து ஆளேற்றும் கேஜ் மேலே வந்தது. நேரமில்லாத நேரத்தில் கேஜ் வந்தால் ஷாப்டு வாயில் நிற்கிறவர்களுக்கு விஷயம் தெரிந்துவிடும். பெயர்தான் தெரிய வேண்டும். மெழுகுவர்த்தி கொடுக்கும் அறையிலிருந்து நான் நொண்டிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் பெயரையும் சொல்லிவிட்டார்கள். மேல்பாறை விழாமலிருக்கக் கட்டைமுட்டு வைத்துக்கொண்டிருந்த இடத்திலேயே பாறை சரிந்து ஏசடியான் போய்விட்டான். காலையில் அவனுக்கு மெழுகுவர்த்தி எடுத்துக் கொடுத்தவன் நான். வழக்கம்போல, “இன்னும் ஒண்ணு குட்றா” என்று கேட்டு வாங்கிக்கொண்டு இறங்கினான்.

ஏசடியானை அறிந்தவர்களே, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாசிப்பதற்கு அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதிவரும்படி சபை மூப்பர் சொன்னார். எழுதியிருக்கிறேன். நல்ல வார்த்தை எத்தனை தேறும் என்று தெரியவில்லை, கோபத்தோடு எழுதியது. என் கால் நசுங்கும்வரை நானும் அவனும் ஒரே லெவலில் சேர்ந்து முட்டுக் கொடுத்தவர்கள். அவனை ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை, பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அடக்கத்தின்போது லைன் ஓவர்சியர் பேசியதை நீங்களும் கேட்டீர்கள். நம் லைன் குடிசைகளுக்கெல்லாம் கம்பெனி வைத்த அதிகாரி அவர்தானே, பேசச் சொன்னார்கள். “ஏசடியானுக்கு எப்போதும் சிரித்த முகம். இருப்பதே போதும் என்று சந்தோஷமாக வாழ்ந்த மனுஷன். அவனைப் பார்த்து நீங்களும் கற்றுக்கொள்ளுங்கள்” என்றார். பல பேர் தலையாட்டினீர்கள். மண் போடும் நேரத்தில் சண்டை வேண்டாம் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

சிரித்த முகம் என்பது உண்மைதான். ஆனால் போதும் என்றானா? அந்தச் சொல்லை அவன் வாயிலிருந்து கேட்டவர்கள் யாராவது இருந்தால் இப்போதே எழுந்து நில்லுங்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அவன் என் வீட்டில் சாப்பிட்டான். என் மனைவி சோற்றைப் போட்டுக்கொண்டே இருக்கிறாள். இவன் தட்டின்மேல் கையை விரித்து, “நிறுத்துமா, நிறுத்துமா” என்கிறான். “இன்னாண்ணா, போதும்னு சொன்னா வாய் சுட்டுடுமா?” என்று அவள் கேலி செய்தாள். அப்போதுதான் சொன்னான். குடியாத்தம் பக்கம் அவனுடைய ஊரில், அறுப்புக்குப் போனால் களத்தில் உள்ளங்கையில் கூழ் ஊற்றுவார்களாம். அரை வயிறு நிரம்புமுன்னே “போதுமாடா?” என்று கேட்பார்களாம். “போதும் சாமி” என்று குனிந்து சொன்னால்தான் மறுநாளும் ஊற்றுவார்களாம். “பசிய வயித்துல வெச்சிகினு போதும் போதும்னு சொன்னேம்மா. அங்க சொன்னதே என் ஆயுசுக்கும் ஆச்சு” என்றான். என் மனைவி இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். அதையும் சாப்பிட்டான்.

சந்தோஷம் எங்கே கிடைக்கும் என்று எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவன் அதைத் தேடி எங்கேயும் போனவனில்லை. ராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் நல்ல கருவாடு அமைந்துவிட்டால் வழியெல்லாம் கீர்த்தனை பாடிக்கொண்டு வருவான். குரலைக் கேட்க முடியாது. வேலை முடிந்து கேஜை விட்டு இறங்கி, தங்கம் ஒளித்திருக்கிறோமா என்று காவல்காரன் உடம்பெல்லாம் தடவிச் சோதித்து அனுப்பியதும் நாமெல்லாம் வீட்டுக்கு ஓடுவோம். அவன் மட்டும் முகத்தை அண்ணாந்து வெயிலில் நிற்பான். “இன்னாடா, வெயில துன்றியா?” என்பேன். “இரு, இன்னும் கொஞ்சம் துன்னுட்டு வரேன்” என்பான்.

அந்த வெயில் வீட்டுக்குள்ளும் வேண்டும் என்று ஆசைப்பட்டான். அதுதான் அவன் செய்த குற்றம். ஷாப்டு வாயில் மின்சார விளக்கு ஜெகஜ்ஜோதியாக எரிகிறது. நம் மூங்கில் தட்டி வீடுகளுக்குள் பட்டப்பகலில் உப்புச் சட்டியைத் தடவித்தான் எடுக்க வேண்டும். ஒருநாள் கிழக்குப் பக்கத் தட்டியில் சதுரமாக ஒரு ஜன்னல் வெட்டிவிட்டான். மறுநாள் என்னிடம் ஓடி வந்து, “டேய், ரெபேக்கா மூக்குகிட்ட ஒரு மச்சம் கீதுடா! கண்ணாலம் கட்டி இத்தினி வருசத்துல இன்னைக்கிதான் பாத்தேன்” என்றான். “பொய் சொல்றாருண்ணா” என்று ரெபேக்காள் தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் முகம் சிவந்துபோயிற்று.

கம்பெனி வீட்டில் கைவைக்கக் கூடாது என்று ஓவர்சியர் ஆள் விட்டு அடைத்தார். இவன் திரும்ப வெட்டினான். ஓவர்சியரே நேரில் வந்துவிட்டார். நான் அங்கேதான் இருந்தேன். “இருக்கிறதை வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கத் தெரியாதா உனக்கு?” என்று கத்தினார்.

ஏசடியான் சிரித்தான். “சந்தோஷமாத்தான் கீறேன் ஐயா. துக்கம் புடிச்சவனா இருந்தா இருட்டுலயே குந்திகினு இருப்பேன். சந்தோஷமா கீறதாலதான் வெளிச்சம் கேக்கறேன்” என்றான்.

அதற்குப் பிறகு நம் லைனில் இன்னும் சில வீடுகளில் ஜன்னல் வந்தது. ஓவர்சியர் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தார். இவன் உயிரோடு இருந்தவரைக்கும்தான்.

வெள்ளிக்கிழமை தண்டோரா போட்டார்கள். திங்கட்கிழமை எல்லா ஜன்னல்களையும் அடைக்கப் போகிறார்களாம், ரெபேக்காள் வீட்டிலிருந்து ஆரம்பமாம். ஏன் என்று கேட்கப்போனவர்களிடம் ஓவர்சியர் சொன்ன பதில் இதுதான்: “ஏசடியானே இருப்பது போதும் என்று வாழ்ந்தவன். உங்களுக்கு என்ன கேடு?” கேட்டீர்களா ஐயா? உயிரோடு இருந்தபோது அவன் வாயிலிருந்து பிடுங்க முடியாத சொல்லை, செத்த பிறகு வாயில் திணித்துவிட்டார்கள். இப்போது அதைக் காட்டி நம் வாயை அடைக்கிறார்கள். கல்லறையில் தலையாட்டியவர்களே, எதற்குத் தலையாட்டினோம் என்று இப்போதாவது தெரிகிறதா?

நேற்று ரெபேக்காளைப் பார்க்கப் போனேன். அந்த ஜன்னலை ஒட்டித்தான் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. “அண்ணா, கூடப் பொறந்தவங்க மாதிரி இருந்தீங்க. அவரு அப்படிச் சொல்லலன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிடுங்க. வீடு போனா போவட்டும், அவரு பேரு அவங்க கைக்குப் போவக் கூடாது” என்றாள்.

சொல்லிவிட்டேன். ஏசடியான் போதும் என்று சொன்னதில்லை. வெயில் போதும் என்றோ, சோறு போதும் என்றோ, இந்த வாழ்வு போதும் என்றோ சொன்னதில்லை. சிரித்த வாயால் இன்னும் கேட்டான். மூப்பர் என்மேல் கோபப்பட்டால் படட்டும்.

அவன் தட்டி வெட்டிய கத்தியை ரெபேக்காள் என்னிடம் கொடுத்திருக்கிறாள். அவனுடையது என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். என் வீட்டில் இதுவரை ஜன்னல் இல்லை. இன்று சாயங்காலம் கிழக்குத் தட்டியில் ஒன்று வெட்டப்போகிறேன். திங்கட்கிழமை விடிந்ததும் ரெபேக்காள் வீட்டு வாசலில் நிற்பேன். வருகிறவர்கள் வாருங்கள். அதற்கு முன் ஜன்னல் வெட்டக் கத்தி தேவைப்படுகிறவர்கள் என் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.