மருந்து மெஷின் பெரிதானபோது

என் மனைவி தன் முடியைக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டது எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரியும். நான் சிகரெட்டை விட்டு ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால், மொட்டை போட்டுக்கொண்டு சிட்னிக்குத் தெற்கே இருக்கும் ஹெலன்ஸ்பர்க் கோயில் பெருமாள் முன்னால் வந்து நிற்பதாக வேண்டுதல். இடுப்புக்குக் கீழே வரை தொங்குகிற முடி அது. பெண் பார்க்கப் போன அன்று அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே என் அக்காமார்கள் அதைப் பார்த்துவிட்டுச் சம்மதம் என்று கண்ணைக் காட்டினார்கள்.

"உன்னை யாரு இப்படியெல்லாம் வேண்டிக்கச் சொன்னது?" என்று கத்தினேன். குற்றம் செய்தவன் நான் என்று தெரிந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். பிறவிக் கோளாறு.

"நீங்க வாஷ்பேசின்ல இருமினதை நான்தானே பார்த்தேன்" என்றாள்.

அது ஒரு ஜூன் மாதக் குளிர் காலை. பல் தேய்க்கும்போது இருமினேன், எச்சிலில் கொஞ்சம் ரத்தம். ஈறில் புண் என்றுதான் டாக்டர் சொன்னார். இவள் நம்பவில்லை. என் அப்பா நுரையீரல் கெட்டுச் செத்தவர். கடைசி ஒரு மாதம் திருச்சியில் ஆஸ்பத்திரியில் அவருக்கு எச்சில் கிண்ணம் பிடித்தவள் இவள்தான். நான் சிட்னியில் லீவு கிடைக்குமா என்று மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அந்தக் கிண்ணத்தில் என்ன பார்த்தாள் என்று அவள் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இருபது வருஷப் பழக்கம். நிகோட்டின் சூயிங்கம் மென்றேன், கையில் நிகோட்டின் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டேன், ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் டாக்டர் வேப் என்கிற மின்சிகரெட்டை எழுதிக்கொடுத்தார். அப்போதெல்லாம் நிகோட்டின் திரவத்துக்குத்தான் டாக்டர் சீட்டு வேண்டும், கருவியைக் கடையிலேயே வாங்கலாம். நான் வாங்கிய முதல் கருவி பென்டிரைவ் அளவுதான் இருந்தது. பொத்தான் கிடையாது, திரை கிடையாது. வாயில் வைத்து இழுத்தால் நுனியில் ஒரு சின்ன விளக்கு எரியும். மருந்துக் கடைப் பையோடு வீட்டுக்கு வந்ததால் மனைவி அதற்கு 'மருந்து மெஷின்' என்று பெயர் வைத்துவிட்டாள். தினமும் ஆபீஸ் கிளம்பும்போது, "மருந்து மெஷினை எடுத்துக்கிட்டீங்களா?" என்று கேட்பாள். சாப்பாட்டு டப்பாவுக்கு அடுத்தபடி அதுதான்.

சிகரெட்டைத் தொடவில்லை. இது சத்தியம். ஆனால் அந்தக் குட்டிக் கருவியை நான் கீழே வைத்ததும் இல்லை. சிகரெட் என்றால் ஒன்று முடிந்ததும் அணைக்க வேண்டும். இதற்கு முடிவே கிடையாது. பரமட்டாவில் ஆபீஸ் வாசலில், ஸ்டேஷன் படிக்கட்டில், காரில் சிக்னலுக்குச் சிக்னல் இழுத்தேன். ஒன்பதாவது மாதத்தில் அது போதவில்லை. சட்டைப் பையில் கசிந்தது, கருகிய வாடை அடித்தது. எவ்வளவு இழுத்தாலும் ஏதோ மிச்சம் இருப்பது போலவே இருந்தது. இன்னும் கொஞ்சம் நல்ல கருவியாக வாங்கினால் என்ன என்று தோன்றியது.

வேப் கடைக்காரர் கழுத்து வரை பச்சை குத்திய மனிதர், ஆனால் பேச்சில் அவ்வளவு மரியாதை. எடுத்த எடுப்பில், "நீங்கள் வாயில் நிறுத்தி இழுப்பவரா, நேராக நுரையீரலுக்கு இழுப்பவரா?" என்று கேட்டார். இருபது வருஷம் ஊதியவனுக்கு அது எங்கே போகிறது என்று தெரியவில்லை. திருதிருவென்று விழித்தேன். அவர் விடவில்லை. காயில், டேங்க், வாட், ஓம் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கண்ணாடி மேஜையில் வைத்தார். ஓம் விதியைப் பிளஸ் டூவில் மனப்பாடம் செய்து முழு மார்க் வாங்கியவன் நான். அந்தத் திமிரில் மண்டையை ஆட்டினேன். நம் ஊர் மண்டையாட்டல் எதற்கும் ஆடும். புரிந்தாலும் ஆடும், புரியாவிட்டாலும் ஆடும். அவர் அதைப் புரிந்ததாக எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டார்.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் எனக்குத் தித்திப்பாகக் காதில் விழுந்தது. சின்னக் கருவியில் ஆவி கொஞ்சம், அதனால் திரவம் காட்டமாக இருக்க வேண்டும். பெரிய கருவியில் ஆவி நிறைய, அதனால் திரவம் மிக லேசாக இருந்தால் போதும். அப்படியென்றால் பெரியதற்கு மாறுவது குறைப்பதற்கான வழிதானே? டாக்டரும் படிப்படியாகக் குறைக்கத்தானே சொன்னார்? இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடி, செங்கல் பாதி அளவுள்ள ஒரு பெட்டியை வாங்கினேன். அதில் இரண்டு பேட்டரி, எண்கள் ஓடும் திரை, மேலே கண்ணாடி டேங்க். கூடவே நிகோட்டினே இல்லாத மாம்பழ வாசனைத் திரவம் ஒரு பாட்டில் கொடுத்து, லேசான நிகோட்டினுக்கு டாக்டரிடம் புதுச் சீட்டு வாங்கிக்கொள்ளச் சொன்னார். அதற்கும் மண்டையை ஆட்டினேன்.

வீட்டில் காட்டவில்லை. ஏன் காட்டவில்லை என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. குறைக்கிறேன் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் முதல் வேலையாக அவளிடம்தானே காட்டியிருப்பேன்? காரில் ஸ்டெப்னி டயருக்கு அடியில் வைத்தேன். வெறும் மாம்பழ ஆவியில் ஒரு சுகமும் இல்லை. பையில் பழைய குட்டியும் காரில் புதுப் பெட்டியுமாக இரண்டு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தேன். இதற்குப் பெயர் விட்டதா, விடாததா, இல்லை இரண்டு மடங்கு பிடித்ததா? யோசிக்க யோசிக்கத் தலைகால் புரியவில்லை.

இதற்குள் ஒரு வருஷம் முடிந்து புரட்டாசி பிறந்தது. இரண்டாம் சனிக்கிழமை என்று அவள் நாள் குறித்துவிட்டாள். வென்ட்வொர்த்வில்லில் எங்கள் தெருக்கோடியில் இருக்கும் யாழ்ப்பாணத்து அன்ரி, கராஜில் கண்ணாடி மாட்டிப் பெண்களுக்கு முடி வெட்டுகிறவர். காலையில் அவரிடம் மொட்டை போட்டுக்கொண்டு, முடியை மஞ்சள் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு, அப்படியே காரில் கோயிலுக்குப் போவது என்று ஏற்பாடு. கோயிலுக்குப் போய்வரும்வரை இருவருக்கும் விரதம்.

அன்று காலை அவள் தலைக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் காருக்குப் போனேன். பெட்டியை எடுத்தேன். பழைய காட்டமான திரவம் முக்கால் பாட்டில் மிச்சம் இருந்தது. மிச்சத்தைக் கொட்டுவது எங்கள் வம்சத்திலேயே கிடையாது. நேற்றைய சாம்பாரை இன்றைய சாம்பாரில் சேர்ப்பது போல அதைப் புது டேங்கில் ஊற்றி மூடினேன். லேசாகத்தான் இருக்க வேண்டும் என்று கடைக்காரர் சொன்னது காதுக்குள்ளேயே இருந்தது. அது எச்சரிக்கை என்று மட்டும் உறைக்கவில்லை.

அன்ரியின் கராஜில் மனைவியை நாற்காலியில் உட்கார வைத்துக் கழுத்தைச் சுற்றித் துணி கட்டினார்கள். ஈர முடி நாற்காலிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. போன் வந்தது போல நடித்துக்கொண்டு பக்கத்துச் சந்தில் குப்பைத் தொட்டிகளுக்கு நடுவே போய் நின்றேன். வெறும் வயிறு. பெட்டியை எடுத்து, நெஞ்சு நிறைய நாலு இழுப்பு இழுத்தேன்.

நாலாவது இழுப்போடு சுவர் நகர்ந்தது. வாயில் எச்சில் ஊறியது, காது அடைத்தது, நெஞ்சு மேளம் கொட்டியது. பச்சைக் குப்பைத் தொட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு வெறும் தண்ணீராக வாந்தி எடுத்தேன். அப்பாவின் கிண்ணம்தான் ஞாபகத்துக்கு வந்தது. செத்தேன் என்றே நினைத்தேன். பயமாக இருந்தது. அதைவிட அவமானமாக இருந்தது.

சத்தம் கேட்டு அன்ரி ஓடி வந்தார். "என்ன தம்பி, முகமெல்லாம் வெளிறிப் போச்சு? விரதம் எண்டு பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லையோ? உள்ள வாங்கோ, இந்தக் கதிரையில இருங்கோ." தோளைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார வைத்தார். தரையில் கிடந்த பெட்டியையும் கையோடு எடுத்து வந்தார். "இதைக் கீழ போட்டிட்டீங்கள். மாம்பழ மணம் தூக்குது."

மனைவி கழுத்துத் துணியோடு எழுந்து வந்து என் நெற்றியைத் தொட்டாள். பிறகு அன்ரியின் கையிலிருந்த பெட்டியைப் பார்த்தாள். திரையில் எண்கள் இன்னும் எரிந்துகொண்டிருந்தன.

"என்னங்க இது?"

"அந்த மருந்து மெஷின்தான். புதுசு."

"இவ்வளவு பெருசா?"

விளக்கத் தொடங்கினேன். பெரிய கருவி, லேசான திரவம், ஆவி அதிகம், மருந்து கம்மி, படிப்படியாகக் குறைப்பது. கடைக்காரர் எனக்குச் சொன்னதை நான் அவளுக்குச் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை. அவள் மண்டையை ஆட்டவில்லை.

"குணமாகுதுன்னா மருந்து குறையணும். மெஷின் எப்படி வளரும்?" என்றாள்.

அன்ரி மொட்டையடிக்கும் மெஷினைக் கையில் பிடித்தபடி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "பிள்ளை, நான் தொடங்கட்டோ, விடட்டோ?"

மனைவி என்னையே பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன், தப்பித்திருப்பேன். அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

"நீங்களே சொல்லுங்க. விட்டாச்சுன்னா அன்ரி எடுக்கட்டும். எனக்குச் சந்தோஷம்தான். விட்டாச்சா?"

"ஒரு வருஷமா சிகரெட் தொடலை" என்றேன்.

"அது எனக்குத் தெரியும். விட்டாச்சா?"

"தெரியலை."

"தெரியலைன்னு பெருமாள்கிட்ட எப்படிச் சொல்றது?"

கராஜில் அந்த மாம்பழ வாசனை நின்றுகொண்டே இருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் அவள் போய் உட்கார்ந்துவிடுவாள். ஐந்தே நிமிஷத்தில் அந்த முடி தரையில் கிடக்கும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க அவள் தலையைப் பார்க்கும்போதெல்லாம் நான் என்ன செய்வது?

"விடலை" என்றேன்.

அவள் அழவில்லை. கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து மடித்து நாற்காலியில் வைத்தாள். "ஈரத்தோட கட்டாதேங்கோ பிள்ளை, தும்மலும் தடிமனும் வரும்" என்று அன்ரி துவாய் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கு ஒரு கோப்பை இனிப்புத் தேத்தண்ணீர். விரதத்தை மறந்து குடித்தேன். கண்ணாடி முன்னால் நின்று அவள் முடியைத் துவட்டி, சிக்கெடுத்து, பின்னி முடிக்க இருபது நிமிஷம் ஆயிற்று. அத்தனை நேரமும் நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.

கோயிலுக்கு அவள்தான் காரை ஓட்டினாள். சன்னதியில் நெடுநேரம் கண்ணை மூடி நின்றாள். ஏதோ தவணை கேட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

இப்போது வேப் எல்லாம் மருந்துக் கடையில்தான் என்று சட்டம் மாறி, அந்தக் கடையும் மூடிவிட்டது. பெரிய பெட்டி எங்கள் வீட்டுக் கராஜில் ஆணி டப்பாவுக்குள் பேட்டரி இல்லாமல் கிடக்கிறது. குட்டி மட்டும் இன்னும் என் சட்டைப் பையில் இருக்கிறது. டாக்டர் எழுதும் திரவம் வர வர லேசாகிக்கொண்டு வருகிறது. நான் முன்னேறுகிறேனா, நின்ற இடத்திலேயே நிற்கிறேனா என்று கேட்டால் இன்றைக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியாது. காலையில் "மருந்து மெஷினை எடுத்துக்கிட்டீங்களா?" என்று மட்டும் அவள் கேட்பதில்லை.

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில், எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா அவள் பின்னலைப் பார்த்து வாய் பிளந்தார். "எவ்வளவு நீளம்! நீங்க வெட்டிக்கவே மாட்டீங்களா?"

"வெட்டணும்" என்றாள் என் மனைவி. "இவருக்காகத்தான் வெயிட் பண்றேன்."

அந்த அம்மா என்னைப் பார்த்து, மனைவியின் முடி மேல் இவ்வளவு ஆசையா என்று சிரித்தார். நான் மண்டையை ஆட்டினேன்.