பெட்டிக்குள் இருந்தவர்

ஆண்டு விடுமுறை நெருங்கினால் போதும், அந்தப் பாழாய்ப்போன பாட்டு கிளம்பிவிடும். துணிக்கடை, ரயில் நிலையம், லிஃப்டு, எங்கே போனாலும் அதே பாட்டு. ஊருக்குக் கிளம்பும் ஒருத்தி பெட்டியில் துணியைத் திணிக்கிறாள். மூட வரவில்லை. மேலே ஏறி உட்காருகிறாள். பெட்டி கீச்சுக் குரலில் அலறுகிறது: "மூச்சு முட்டுதே, மெல்ல உக்காரேன்!" அவ்வளவுதான் விஷயம். இதற்குத்தான் இருபது வருடமாகச் சனம் விழுந்து விழுந்து சிரிக்கிறது.

அந்தக் கீச்சுக் குரல் குஷன்காரருடையது. மற்ற நாளெல்லாம் சோபாவுக்கு ரெக்சின் தைப்பவர். விடுமுறை வந்தால் அண்ணனின் வேடிக்கை பேண்டு வாத்தியக் குழுவில் பெட்டிக்குள் குந்தவேண்டியதுதான். அண்ணன் ஸ்டேஷன் மாஸ்டர் வேஷத்தில் டிரம்பெட் ஊதுவார், அண்ணி பெட்டிமேல் உட்கார்ந்து பாடுவார். ஷோ முடிந்ததும் பெட்டியோடு சேர்த்து இவரையும் தூக்கி வேனில் ஏற்றுவார்கள். வேன் கதவைச் சாத்திய பிறகுதான் வெளியே வரலாம். அண்ணன் போட்ட சட்டம் அது. பெட்டியே பேசுகிறது என்று குழந்தைகள் நம்பவேண்டுமாம்! இவருக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் வாயைத் திறந்ததில்லை.

இந்த வருடம் மகள் திறக்க வைத்தாள். "அது எங்கப்பா குரல்" என்று பள்ளியில் சொல்லப்போக, தோழிகள் அவளுக்குப் புளுகி என்று பட்டம் கட்டிவிட்டார்கள். "ஒரே ஒரு தடவ வெளிய வந்து நில்லுப்பா" என்று அழுதாள். வருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

"கடைசில வெளிய வந்து கும்பிட்டுக்கிறேண்ணா. இன்னிக்கு மட்டும்."

"உன் மூஞ்சியப் பாக்கவா டிக்கெட் வாங்கிட்டு வர்றாங்க? போய் உள்ள உக்காருடா."

அண்ணி உதட்டுச்சாயம் பூசிக்கொண்டே சிரித்தார். "வந்துதான் பாருங்களேன் தம்பி. நான் எந்திரிச்சாத்தானே?"

சொன்னதைச் செய்தார் மகராசி. பாட்டு முடிகிற நேரம் இவர் மூடியை முட்டினார். அண்ணி இன்னும் அழுத்தி உட்கார்ந்தார். இவர் குத்தினார், உதைத்தார். பெட்டி குதிக்கக் குதிக்க அரங்கம் கைதட்டியது. இவருக்கு வெறியே பிடித்துவிட்டது. தான் நுழைவதற்காகப் பின்பக்கம் தானே வைத்துத் தைத்த திறப்பின் வழியாகத் தவழ்ந்து வெளியேறி, வியர்த்த பனியனோடு மேடையில் நிமிர்ந்து நின்றார்.

அண்ணன் அசரவே இல்லை. "பெட்டிய ரிப்பேர் பாக்க ஆள் வந்தாச்சுங்க!" என்றார் மைக்கில். கூட்டம் குலுங்கிச் சிரித்தது.

"மூச்சு முட்டுதே, மெல்ல உக்காரேன்!" என்று குஷன்காரர் அதே கீச்சுக் குரலில் தொண்டை கிழியக் கத்தினார். அத்தனை கண்களும் பெட்டியையே பார்த்தன! அண்ணி பெட்டியைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்தார். மூன்றாவது வரிசையில் தோழிகளோடு உட்கார்ந்திருந்த மகள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. பெட்டியின் விளிம்பைப் பிடித்து ஒரே தூக்காகத் தூக்கினார். அண்ணி சரிந்து அண்ணன்மேல் விழுந்தார். மூடி திறந்து பெட்டி கூட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்தது. உள்ளே ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு பழைய குஷன். வேறொன்றும் இல்லை.

வாத்தியங்கள் நின்றுபோயின. முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது.

"குழந்தைங்க சந்தோஷத்தக் கெடுக்கிறியே, மனுசனாய்யா நீ? எறங்குய்யா கீழ!" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கத்தினார்.

அண்ணன் மைக்கை அணைத்துவிட்டுப் பல்லைக் கடித்தார். "பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியேடா, பாவி."

"ஆமா, போட்டேன்."

காகிதக் கோப்பை ஒன்று பறந்துவந்து இவர் தோளில் பட்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவே மகள் நாற்காலிமேல் ஏறி நின்று தோழிகளிடம் கத்தினாள்: "எங்கப்பாதான்! அவருதான் கத்துவாரு! நான் சொன்னேன்ல!"

குஷன்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நன்றாகத் தெரியும்படி விளக்குக்கு நேராக வந்து நின்றார்.