பாடி பட்டரில் புற்றுமண்

சங்கரன்கோவிலில் ஆடி மாதம் மழை கிடையாது. குற்றாலத்தில் சாரல் விழுகிறது என்று ஊரில் பாதிப் பேர் வண்டி ஏறிப் போவார்கள். எங்கள் ஊர் வரைக்கும் வந்து சேர்வது அந்தச் சாரலின் காற்று மட்டும்தான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்து நான் பார்த்ததில்லை. ஆனால் கொடியில் போட்ட துணி அரைமணி நேரத்தில் அப்பளமாகிவிடும். தோலும் அப்படித்தான். கை காலெல்லாம் வெள்ளை பூத்து, நகம் பட்டால் கோடு விழும்.

எனக்குக் கோடோடு போயிற்று. பக்கத்து வீட்டுக்காரிக்குக் கை வெடித்தது.

அவள் பிளவுஸ் தைக்கிறவள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர், பின்வாசல் பக்கம் அது நெஞ்சளவுதான். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து காபி போடும்போது அந்தப் பக்கம் அவள் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். நான் அறிவியல் டீச்சர் என்பதால் என்னை டீச்சர் என்றே கூப்பிடுவாள். வயதில் சின்னவள் என்பதால் நான் அவளை ஏட்டி என்பேன். அவள் வீட்டுக்காரர் தறிக்குப் போகிறவர். ஒரே மகள்.

முதலில் அவள் உள்ளங்கையில் தோல் உரிந்தது. அப்புறம் விரல் நுனிகள் வெடித்தன. போன ஆடியில் அந்தக் கையைப் பார்க்கவே எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு துண்டுப் பட்டுத் துணியை எடுத்து உள்ளங்கையில் இழுத்துக் காட்டினாள். சர்ரென்று சத்தம் கேட்டது. துணியில் நூல் பிரிந்து நின்றது. யாரையும் தொட்டு அளவெடுப்பதையும் அவள் நிறுத்தியிருந்தாள். யார் வந்தாலும் அளவு பிளவுஸ் ஒன்று கொண்டுவாங்க என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அளவு டேப் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே, உன் கல்யாண பிளவுஸ் என் கையால்தான் என்று சொல்லி வைத்தவள். முகூர்த்தப் புடவையில் வெட்டிய துணி பீரோவில் அப்படியே இருந்தது. மகள்தான் ஒருநாள் பொறுக்க முடியாமல், கடையில் கொடுத்துவிடலாம் என்று சொல்லியிருக்கிறாள்.

“அவ சொல்லுததும் சரிதான் டீச்சர். நான் தொட்டா பட்டு பாழாயிரும்” என்று சுவருக்கு அந்தப் பக்கம் நின்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய்விட்டாள்.

எனக்குச் சட்டென்று அழுகை வராது. கோபம்தான் வரும். யார் மேல் என்று தெரியாமல் அன்று சாயங்காலம் முழுவதும் என் வீட்டுக்காரரிடம் எரிந்து விழுந்தேன்.

அவள் வைத்தியம் பார்க்காதவள் இல்லை. திருநெல்வேலியில் தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்து, சோப்புத் தண்ணீரில் கை வைக்கவே கூடாது என்று கண்டித்து அனுப்பினார். வந்தவள் சிரித்தாள். “சோப்புத் தண்ணில கை வைக்காம குடும்பம் நடத்த நான் என்ன மகாராணியா?” தைக்கிற துணியில் களிம்புக் கறை விழுந்ததால் அதையும் விட்டுவிட்டாள். பிறகு கோயில் புற்றுமண். எங்கள் ஊரில் தோலில் எது வந்தாலும் கோமதியம்மன் கோயில் புற்றுமண்தான் முதல் மருந்து, எங்கிருந்தெல்லாமோ வந்து அள்ளிப் போகிறார்கள். அவளும் குழைத்துப் பூசினாள். காய்ந்த கையில் மண்ணும் காய்ந்து இன்னும் இழுத்தது.

முன்பொரு கோடையில் என் மகனுக்கு வேனல் கட்டி வந்தபோது, அந்த மண்ணைத் தாளில் மடித்து எனக்குக் கொண்டுவந்தாள். நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். “எங்களுக்கு அது பழக்கமில்லட்டி” என்றேன். முகம் கோணாமல் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுத்ததில்லை.

தோலில் பூசுகிற பாடி பட்டர் யோசனை அவள் மகளுடையது. போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். வெள்ளை வெளேரென்று கேக் கிரீம் மாதிரி ஒரு பாட்டிலில் நிரப்பி, கெமிக்கலே இல்லை என்று ஒரு பெண் சிரித்தாள். செய்முறையைப் பார்த்தேன். உருக்குவது, ஆறவைப்பது, அடிப்பது. உருகுவதையும் உறைவதையும் வருடா வருடம் பாடம் நடத்துகிற எனக்கு இது ஒரு வேலையா என்று தோன்றியது. “வேலில போற ஓணானப் பிடிச்சி மடியில விடுத” என்றார் வீட்டுக்காரர். அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார்.

ஷியா பட்டரும் கொக்கோ பட்டரும், இரண்டும் கொட்டையில் எடுக்கிற கொழுப்பு, ஆன்லைனில் வந்தன. தேங்காய் எண்ணெய் செக்கில் ஆட்டியது. ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தேன். பெரிய சட்டியில் தண்ணீர் கொதிக்கவிட்டு, அதன் மேல் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, முதலில் கொக்கோ பட்டரையும் பிறகு ஷியாவையும் உருக்கினேன். அடுப்படியே சாக்லேட் வாசம். கடைசியில் எண்ணெய் ஊற்றிக் கலக்கினேன். தங்க நிறத்தில் தெளிந்து நின்றது. சென்ட் எதுவும் சேர்க்கவில்லை, வெடித்த கைக்கு எரியும். கிண்ணத்தை ஃபிரிட்ஜில் வைத்துக் கதவை மூடினேன். ஃபிரிட்ஜ் விளக்கு அணைந்தது. கூடவே ஃபேனும் நின்றது.

மாதாந்திரப் பராமரிப்பு. ஒரு மாதத்தில் எத்தனையோ நாள் இருக்க, அன்றுதான் சாயங்காலம் வரை கரண்ட் இல்லை. அறிவிப்பு வந்திருந்ததாம், வீட்டுக்காரர் பார்த்தாராம், சொல்ல மறந்தாராம். அவரிடம் நான் பேசியதை இங்கே எழுத வேண்டாம்.

கிண்ணம் பகல் முழுவதும் ஃபிரிட்ஜுக்குள் தானாகவே மெதுவாக ஆறிக்கொண்டிருந்தது. சாயங்காலம் கரண்ட் வந்த பிறகு இன்னும் கொஞ்சம் குளிரவிட்டு, கிறிஸ்துமஸ் கேக்குக்கு முட்டை அடிக்கிற பீட்டரை எடுத்து அடித்தேன். முதலில் மெழுகு மாதிரி உருண்டது. பிறகு மனது மாறி வெளுத்து, உப்பி, பீட்டரைத் தூக்கினால் கொம்பு மாதிரி நின்றது. ஒரு பாட்டிலில் நிரப்பிச் சுவருக்கு மேலே நீட்டினேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். மிச்சத்தை நான் வைத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து என் பங்கை எடுத்துக் குதிகாலில் தேய்த்தால், ரவை. விரலுக்கிடையில் மணல் மணலாக உருண்டது. அழுத்தித் தேய்த்தால் கரைகிறது, ஆனால் மணல்தான். கெட்டுப்போய்விட்டதோ என்று பயந்து போனில் தேடினேன். ஷியா பட்டர் மெதுவாக ஆறினால் அப்படித்தான் பரல் கட்டுமாம். கெடுதல் இல்லை, பார்க்கத்தான் நன்றாக இருக்காதாம். மயில்துத்தக் கரைசலை மெதுவாக ஆறவிட்டால் பெரிய படிகம் வரும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான். என் அடுப்படியில் மட்டும் அந்தப் பாடம் ஞாபகத்துக்கு வரவில்லை.

மானம் போயிற்று. பாட்டிலைத் திருப்பி வாங்கி நல்லதாகச் செய்து கொடுத்துவிடலாம் என்று அவள் வீட்டுக்குப் போனேன்.

பாட்டில் சாமி அலமாரியில் இருந்தது. திருநீற்றுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில்.

என்னைக் கண்டதும் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“நான் கேக்கவே இல்ல டீச்சர். நீங்களா எனக்காவக் கோயிலுக்குப் போயிருக்கிய.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளே சொன்னாள். “மண்ணு சேத்திருக்கியள்ல. நிறம் தெரியாம, நைசா. விரல்ல பட்டதுமே கண்டுபிடிச்சிட்டேன். தேய்க்கத் தேய்க்கக் கரையுது. அம்மன் மண்ணுல்லா, கரையத்தான செய்யும். உங்க ஆளுக பாத்தா என்ன சொல்லுவாகன்னுகூட நெனைக்காம போயிருக்கிய.”

அந்த இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் உள்ளே ணங்கென்று ஒரு பாத்திரச் சத்தம். எட்டிப் பார்த்தால் அவள் வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்.

“மண்ணு பூசுன கையோட எச்சிப் பாத்திரத்தக் கழுவ முடியுமா? பாவம்ல. அதான் அவுகளக் கழுவச் சொல்லிட்டேன். துணி துவைக்கது மக. கறியும் நிறுத்தியாச்சி” என்றாள்.

கையை விரித்துக் காட்டினாள். விரல் நுனியில் வெடிப்பு மூடத் தொடங்கியிருந்தது. டாக்டர் கண்டித்து நடக்காததை என் மணல் நடத்திக்கொண்டிருந்தது. நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

“சொல்லாத. கை ஆறட்டும், கல்யாணம் முடியட்டும்” என்றார் என் வீட்டுக்காரர். நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொன்னால் மறுநாளே பழையபடி சோப்புத் தண்ணீரில் கை விட்டுவிடுவாள், பட்டு பீரோவிலேயே கிடக்கும் என்று நினைத்தேன். அதனால் பேசாமல் இருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் பிளவுஸை வெட்டினாள். மிஷின் வேலை முடிந்தது. கழுத்துக்கும் கைக்கும் மணி கோத்துச் செய்கிற கைவேலைதான் பாக்கி. அதற்குத்தான் விரல் நுனி வேண்டும்.

பாட்டில் காலியானதும் சுவருக்கு மேலே நீட்டினாள். “டீச்சர், இன்னொரு தடவ. அதே மாதிரி.”

அதே மாதிரி. ராத்திரி ஜெபம் பண்ண உட்கார்ந்தால் அந்த வார்த்தைதான் வந்து நின்றது. மணலைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு வருத்தமில்லை. அவள் மனதில் என்னைவிட நல்லவளான ஒரு டீச்சர் இருந்தாள். தன் ஆட்கள் பார்ப்பார்களே என்று பயப்படாமல், சிநேகிதியின் கைக்காகக் கோயில் படி ஏறிய டீச்சர். அந்த டீச்சர்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. சொல்லப்போனால் பொறாமைகூட இல்லை, வெட்கம்தான்.

இந்தத் தடவை கிண்ணத்தைப் பனிக்கட்டித் தண்ணீரில் இறக்கிவைத்துச் சீக்கிரமாக ஆறவிட்டு அடித்தேன். வழுவழுவென்று வந்தது. மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கிறேன். அந்தக் கோபுரத்தைப் பார்க்காத நாள் கிடையாது. உள்ளே எந்தப் பக்கம் திரும்புவது என்று மட்டும் தெரியவில்லை. என் மாணவி ஒருத்தியின் அம்மாதான் எதிரில் வந்தாள். “டீச்சர், நீங்களா!”

“நான்தான். புற்றுமண் எங்கன இருக்கு?” என்றேன். கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிப்போய்க் காட்டினாள். முதல் பெல் அடிப்பதற்குள் செய்தி ஸ்டாஃப் ரூமுக்கு வந்துவிடும் என்று தெரியும். வரட்டும் என்று ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் மடித்துக்கொண்டேன். நான் கும்பிடவில்லை. அது என் பழக்கமில்லை. ஆனால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன், அவள் கையை நினைத்துக்கொண்டு.

சாயங்காலம் புதிய பாட்டிலையும் அந்தப் பொட்டலத்தையும் கொண்டுபோய் அவள் மிஷின் பலகையில் வைத்தேன். கல்யாண பிளவுஸ் அவள் மடியில் இருந்தது.

“போன தடவை குடுத்ததுல மண்ணு இல்லட்டி. நான் கோயிலுக்குப் போகவும் இல்ல. கரண்ட் போனதுல ஷியா பட்டர் பரல் கட்டிட்டு. அவ்வளவுதான். இந்தப் பாட்டில்லயும் மண்ணு இல்ல. பொட்டலத்துல இருக்கு. இன்னைக்குக் காலைலதான் போனேன்.”

அவள் பாட்டிலைப் பார்த்தாள். பொட்டலத்தைப் பார்த்தாள்.

“உள்ளயா போனிய?”

“செருப்ப வெளிய கழட்டிப்போட்டுட்டுத்தான்.”

பொட்டலத்தைப் பிரித்து விரலில் தொட்டுக்கொண்டாள். பழக்கத்தில் அந்த விரல் என் நெற்றிக்கு வந்தது. வந்து, ஒரு சாண் தூரத்தில் நின்றது. பிறகு திரும்பிப் போய்த் தன் நெற்றியில் இட்டுக்கொண்டாள். முந்தானையில் விரலைத் துடைத்துவிட்டு, மடியில் இருந்த பட்டுத் துணியை எடுத்து உள்ளங்கையில் மெதுவாக இழுத்தாள். சத்தமே இல்லை.

“ஏங்க, பாத்திரம் கழுவியாச்சா?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

“கழுவிக்கிட்டுத்தான இருக்கேன்.”

“கழுவுங்க, கழுவுங்க. மண்ணு இப்பத்தான் வந்திருக்கு.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. திரும்பிக்கொண்டு கிளம்பினேன். கல்யாணத்துக்கு எனக்கும் ஒரு பட்டு பிளவுஸ் தைக்க வேண்டும், நாளைக்கு அளவு பிளவுஸ் கொண்டுவருகிறேன் என்று வாசலிலிருந்து சொன்னேன்.

“அளவு பிளவுஸ் எதுக்கு?” என்றாள். எழுந்துபோய் ஆணியிலிருந்து டேப்பை எடுத்தாள். “இங்கன வந்து நிமிந்து நில்லுங்க டீச்சர்.”

டேப்பை என் தோளில் வைத்து, கை நீளம் பார்க்க உள்ளங்கையால் நீவிக்கொண்டே முழங்கை வரைக்கும் வந்தாள். எங்கேயும் உறுத்தவில்லை.