கோமதியக்கா கேட்காமல் போன பெட்டி

வாசுதேவநல்லூரில் ஒரு கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. கோமதியக்காவின் கணவர் சுப்பையா அண்ணாச்சி பேசினார். "கோமதி போயிட்டா தம்பி. நெஞ்சு வலிக்குன்னு சொன்னா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள முடிஞ்சிட்டு."

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திவந்தார் அக்கா. ஊராருக்கு அவர் கல்யாணப் பத்திரிகை அடித்துத் தருபவர், பரீட்சைக்கு விண்ணப்பம் போட்டுத் தருபவர். என்னைப் போன்ற சவுண்ட் சர்வீஸ்காரர்களுக்கோ, ஸ்பீக்கர் பெட்டியை எந்த அளவில் செய்ய வேண்டும் என்று கணக்குப் போட்டுத் தருபவர். அதோடு விடமாட்டார். அந்தப் பெட்டி முதன்முதலாகப் பாடும் கோவில் கொடைத் திருவிழாவுக்கு வந்து, கூட்டத்தில் நின்று, போட்ட பாட்டையே திரும்பப் போடச் சொல்லி எங்கள் உயிரை வாங்குவார். நன்றாக இருக்கிறது என்று நாங்கள் சொன்னால் அவருக்குப் போதாது. "நீங்க எதைத்தான் நல்லால்லன்னு சொல்லியிருக்கீங்க?" என்பார்.

போன வருஷம் நான் வாங்கிவந்த பெரிய ஸ்பீக்கர் அவரைப் படாதபாடு படுத்தியது. வழக்கமாக ஸ்பீக்கருக்குள் காயில் என்கிற கம்பிச் சுருள் ஒன்றுதான் இருக்கும், இதில் இரண்டு. அவரிடமிருந்த சாப்ட்வேர் ஒரு காயிலின் அளவுகளைத்தான் கேட்டது. ஒன்றை மட்டும் இணைத்து, மற்றதைச் சும்மா விட்டு, அளந்து கணக்குப் போட்டார். பெட்டி பீரோ அளவுக்கு வந்தது. சத்தமோ பானைக்குள்ளிருந்து பேசுவதுபோல் குழம்பியது. பிளைவுட் போனால் போகிறது என்றேன். அவர் விடவில்லை. இரண்டு காயிலுக்கென்றே ஒரு சாப்ட்வேர் இருக்கும் என்று மாதக்கணக்கில் இணையத்தைச் சல்லடை போட்டுத் தேடினார். இறக்கிப் பார்ப்பார், அழிப்பார், அடுத்ததைத் தேடுவார். சோறு திங்கக்கூட எழுந்திருப்பதில்லை என்று அண்ணாச்சி என்னிடம் வந்து குறைப்பட்டார்.

ஒருநாள் காலையில் அக்காவே கூப்பிட்டார். குரலில் சந்தோஷமும் எரிச்சலும் கலந்திருந்தன.

"ரெண்டு காயிலுக்குன்னு தனியா ஒண்ணும் தேடியிருக்க வேண்டாம் தம்பி. பாட்டு ஓட்டும்போது வயர் கட்டுத மாதிரியே ரெண்டு காயிலையும் சேத்துக் கட்டி அளந்தா, பழைய சாப்ட்வேரே போதும். இதுக்குப் போயி இத்தனை மாசத்தத் தொலச்சிருக்கேன் பாரு."

புதுக் கணக்கில் பெட்டி பாதியாகச் சுருங்கியது. ஆசாரி வேலையை முடித்துவிட்டார், பெயிண்ட் காய்ந்துகொண்டிருந்தது. அடுத்த கொடைக்கு வந்து கேட்பதாக அக்கா சொல்லியிருந்தார். அதற்குள் போய்விட்டார். தேடித் தேடிக் கழிந்த அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு மனசே ஆறவில்லை. கொஞ்சம் முன்னாலேயே அது தோன்றியிருந்தால், கேட்டுவிட்டாவது போயிருப்பார்.

காரியம் முடிந்தபின் அண்ணாச்சி என் குடோனுக்கு வந்து, அந்தப் பெட்டியைப் போடச் சொன்னார். போட்டேன். தாளத்தின் ஒவ்வொரு அடியும் பிசிறில்லாமல் சுத்தமாக வந்தது. பாட்டு முடியும்வரை நின்று கேட்டவர், அவள் சொன்ன மாதிரி வந்திருக்கிறதா என்று விசாரித்தார். அப்படியே வந்திருக்கிறது என்றேன்.

"அப்போ அதை அவகிட்ட யாரு சொல்லுதது?"

ஆம்ப்ளிபயரை நிறுத்திவிட்டு, இருவரும் பெட்டிக்கு எதிரே தரையிலேயே உட்கார்ந்திருந்தோம்.

அக்கா, உங்கள் கணக்கு சரிதான். நிம்மதியாகப் போய் வாருங்கள்.